தானாக நகர்ந்த அம்புக்குறி

படம் இல்லை.

அருள்மொழி மறுபடியும் தேடினாள். அப்பாவின் கம்ப்யூட்டரில், அப்பா பெயரிட்ட ஃபோல்டரில், நேற்றுக் காலை தன் கண்ணால் பார்த்த வரைபடம் மாயமாகியிருந்தது. அழித்தவை போய்ச் சேரும் ரீசைக்கிள் பின்னும் துடைத்து வைத்தாற்போல் காலி.

அவள் விரலில் குங்குமம் ஒட்டியிருந்தது. மவுஸில் நேற்று வைத்த பொட்டு. அவள் கை படும்வரை கலையாமல் இருந்த பொட்டு.

அம்பத்தூர் எஸ்டேட்டில், மிஷின்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் விஜயதசமிக் காலை. நேற்று ஆயுத பூஜை முடிந்ததும் அப்பா மேசை இருந்த கண்ணாடி அறையைப் பூட்டியவள் அவள்தான். சற்றுமுன் கற்பூரம் காட்டிவிட்டுத் திறந்தவளும் அவள்தான். வேறு சாவி கிடையாது.

"நான் சொன்னா திட்டுவியோன்னு சும்மா இருந்தேன் பாப்பா," என்றாள் வாசலில் நின்ற ராணி. அலுவலகத்தைப் பெருக்கித் துடைப்பவள். "நேத்து அல்லாரும் பூசணிக்கா ஒடைக்கத் தெருவுக்குப் போனாங்கோ இல்ல? நான் பொரி எடுக்க உள்ள வந்தேன். கண்ணாடி வழியா பாக்குறேன், உங்கப்பா மேசையில அந்த அம்பு தானா நவுருது. நாக்காலில ஆளில்ல. மவுசு பொட்டோட அப்பிடியே கீது. கீபோர்டு மேல வெச்ச பூச்சரம்கூட அசையல."

அருள்மொழி மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

இரண்டு மாதங்களுக்கு முன் ஆவடியில் ஒரு பட்டறையின் பிரஸ் மிஷின் ஒரு தொழிலாளியின் விரல்களை நசுக்கியது. கையைக் காக்கும் தடுப்புத் தகடு அந்த மிஷினில் இல்லை. வரைந்தவர் அவள் அப்பா ஹேமநாதன், அவர் தகட்டைப் போட மறந்துவிட்டார் என்றார்கள். அன்று சாயங்காலமே அவர் இதே மேசையில் தலை சாய்த்தார். நிமிரவில்லை.

அவருடைய நாற்காலிக்கு வேலைக்கு வந்த மகள், நேற்றுக் காலை அசல் வரைபடத்தைக் கண்டுபிடித்தாள். அதில் தகடு இருந்தது. காப்பி எடுக்கக் கை நீட்டியபோது ராணி சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டாள். "பூஜைக்கு வெச்சதைத் தொடாதம்மா. விசாரணை அதிகாரிகிட்ட நாளைக்குக் குடுத்துக்கலாம்," என்றார் மேலாளர் வரதன். திரையின் பின்னணியில் சரஸ்வதி படத்தை வரவைத்து, கம்ப்யூட்டரை அணைக்காமல் விளக்கேற்றினார்கள். அந்த அலுவலகத்தின் வழக்கம் அது.

இப்போது அப்பாவே வந்து அழித்துவிட்டுப் போனார் என்றால், தப்பு அப்பாவுடையதா?

பதினோரு மணிக்கு, அந்த விபத்தை விசாரிக்கும் சப்-இன்ஸ்பெக்டர் சாமுண்டீஸ்வரி வந்தார். ஆவியைப் பற்றி ராணி சொன்னதைச் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். ஹேமநாதன் மேசையைச் சுற்றி வந்தார்.

"இங்க எல்லாருமே வயர் மவுஸ்தானா?"

"அப்பா பிடிவாதம் மேடம்," என்றாள் அருள்மொழி. "பேட்டரி பாதியில தீர்ந்தா கோடும் பாதியில நிக்கும்னு சொல்வார். வரதன் சார் மட்டும் வயர்லெஸ். 'உங்க ஆடு கயித்துலயே மேயட்டும் சார், நம்மளுது அவுத்து விட்டது'ன்னு கிண்டல் பண்ணுவார்."

"படம் காணோம்னதும் யார் முதல்ல உள்ள வந்தது?"

"அவர்தான். வயர் லூசா இருக்கும்னு சிபியு பின்னாடி குனிஞ்சு பார்த்தார்."

சாமுண்டீஸ்வரி அவர்கள் இருவரோடும் அடுத்த கேபினுக்குள் நுழைந்ததும் வரதன் எழுந்து நின்றார். இரண்டுக்கும் நடுவே கண்ணாடிதான் சுவர். அவர் மேசையில் கால்குலேட்டர், ஸ்டேப்ளர், இரும்பு ஸ்கேல் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு இருந்தன.

"பூசணிக்காய் உடைச்சப்ப எங்க இருந்தீங்க?"

"இங்கதான் மேடம். தலைவலி."

"ஹேமநாதன் ரூம் திரை தெரிஞ்சுதா?"

"கண்ணை மூடிக்கினு கெடந்தேன். ரூம் பூட்டியிருந்துச்சு, சாவி அந்தப் பொண்ணுகிட்ட." குரலைத் தாழ்த்தினார். "மனுஷன் ஆத்மா சாந்தியாகல மேடம். தப்பை அவரே அழிச்சிட்டார்னு விட்டுடலாம்."

சாமுண்டீஸ்வரி அவருடைய மவுஸை எடுத்துப் புரட்டினார். பளபளவென்று இருந்தது. அதன் அசைவைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் நகத்தளவு ரிசீவரை அவர் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி அருள்மொழியிடம் நீட்டினார்.

"அப்பா கம்ப்யூட்டர் பின்னாடி சொருகிட்டு, திரையைப் பாரும்மா."

அருள்மொழி சொருகிவிட்டு நிமிர்ந்தாள். அம்புக்குறி நடுங்கியது. பிறகு மெதுவாக, யாரோ யோசித்து யோசித்து நகர்த்துவதுபோல், அப்பாவின் ஃபோல்டரை நோக்கி ஊர்ந்தது. நாற்காலி காலி. வயர் மவுஸ் மேசையில் அசையாமல் கிடந்தது. தெரிந்திருந்தும் அவள் ஓரடி பின்வாங்கினாள்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம், கையில் மவுஸோடு சாமுண்டீஸ்வரி நின்றிருந்தார்.

"ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு மவுஸ் வேலை செய்யும்," என்றார், அருள்மொழியைத் திரும்ப அழைத்து. "பூஜைக் கூட்டத்துல ரிசீவரைச் சொருகியாச்சு. அழிக்கவும் ரீசைக்கிள் பின்னைக் காலி பண்ணவும் மவுஸ் மட்டும் போதும். காலையில குனிஞ்சப்ப ரிசீவரைக் கழட்டியாச்சு."

"வயர்லெஸ் வெச்சிருக்கறதே குத்தமா மேடம்? உலகத்துல பாதிப் பேரு வெச்சிருக்கான்."

"இல்லை. உங்க மேசையில ஸ்டேப்ளருக்குக்கூடப் பொட்டு இருக்கு. மவுஸுக்கு ஏன் இல்லை?"

வரதன் வாய் திறக்குமுன் ராணி முந்திக்கொண்டாள். "வெக்க வந்தேனே சார். 'அது பையில கீது, வாணாம் போ'ன்னு தொரத்துனியே."

"பொட்டு வெச்சிட்டா இன்னிக்குக் கற்பூரம் காட்டுற வரைக்கும் தொடக்கூடாது," என்றார் சாமுண்டீஸ்வரி. "செத்துப்போனவர் பேரைக் கெடுக்கத் துணிஞ்சீங்க. சாமிக்கு வெச்சதை எடுக்கத் துணியல. அதனால உங்க மவுஸை முன்னாடியே பையில ஒளிச்சீங்க. துடைச்சு எடுத்துட்டு மறுபடி பொட்டு வெச்சிருந்தா நான் திணறியிருப்பேன்."

வரதன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "தகடு வெச்சா வேலை மெதுவாகும்னு பட்டறைக்காரன் நச்சரிச்சான். அவனுக்குப் படம் போறதுக்கு முன்னாடி நான்தான் தகட்டை எடுத்தேன். அவர் போயிடுவார்னு கனவுலயும் நினைக்கல மேடம்."

சாமுண்டீஸ்வரி கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றச் சொன்னார். மேலோட்டமாக அழிந்ததை மீட்டுவிடலாம் என்றார். மூன்றாம் நாள் சைபர் பிரிவிலிருந்து பிரிண்ட் வந்தது. தகடு இருந்தது. பக்கத்திலேயே ஹேமநாதனின் குறிப்பு: 'இதை எடுக்கக் கூடாது.'

அருள்மொழி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ராணி தயங்கித் தயங்கி அருகே வந்தாள்.

"அப்போ அன்னிக்கு வந்தது சாரு இல்லியா பாப்பா?"

"இல்லக்கா. அப்பா ஒரு தப்பும் பண்ணல." குரல் உடைந்தது. "வரவும் இல்ல."