ஒற்றைத் தட்டு

அன்று மதியம் பட்டறையில் இருந்தவர்கள்: முதலாளியான மச்சான், அவர் தங்கையைக் கட்டிய, வண்டிக் கதவுகளைப் பழுதுபார்க்கும் கதவுக்காரன், வாசலில் தூங்கிய நாய். அங்கேயே வேலை பார்த்துச் செத்துப்போன நெட்டையை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

பட்டறையில் நின்றது மீன் ஏற்றும் குளிர்பெட்டி வண்டி. போன வருடம் நெட்டை அதற்குள் மாட்டிக்கொண்டு விறைத்துச் செத்தான். உள்ளிருந்து திறக்கும் கம்பி துருப்பிடித்து ஒடிந்துவிட்டது என்றார் மச்சான். விசாரணையில் கதவுக்காரனும் அதையே சொன்னான். கம்பியைப் பார்க்காமலே சொன்னான். தங்கை புருஷனிடம் மச்சான் பொய் சொல்வாரா என்ன?

இப்போது வேறு கோளாறு. யாராவது ஏறக் கால் வைத்தால் போதும், பின்கதவு முகத்துக்கு நேரே அறைந்து சாத்திக்கொள்கிறது.

"வண்டிய வாங்க வந்தவன் விரலே நசுங்கிப் போச்சு, மாப்ள. பூ மாதிரி சாத்தணும்."

"பெட்டிக் கதவு இப்படி அறையாது மச்சான். உள்ள இருக்குற காத்தே தடுக்கும். யாராவது இழுத்தாத்தான் உண்டு."

"நெட்டை இழுக்கிறானா? உசுரோட இருந்தப்பவே அவனுக்கு அவ்வளவு தெம்பு இல்லையே."

மச்சான் மட்டும் சிரித்தார்.

கதவுக்காரன் கீல்களை மாற்றினான். புது ரப்பர் ஒட்டினான். கதவைப் பிடித்து நிறுத்தும் பட்டையை முடுக்கும்போது, கதவு அவன் கைக்குள் நடுங்கியது. கெஞ்சுவதுபோல இருந்தது. கடைசி மரையை இறுக்கினான்.

நடுக்கம் நின்றது.

இனி சோதனைதான் பாக்கி. ஒருவன் உள்ளே போய் ரப்பரில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளிருந்து ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டினால், மூடு. ஒரே தட்டு என்றால், மூடாதே. அவனும் நெட்டையும் வருடக்கணக்கில் பேசிய பாஷை அது.

"உள் கம்பி?"

"புதுசு போட்டாச்சு. தைரியமா ஏறு."

ஏறினான். கதவு அசையவில்லை. உள்ளே பழைய மீன் வாடை. இயந்திரம் ஓடவில்லை, ஆனாலும் குளிர்ந்தது. பழக்கத்தில் உள் கம்பியின் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தான்.

கையோடு வந்துவிட்டது.

கைப்பிடி மட்டுமே புதுசு. பின்னால் பழைய கம்பியின் முனை. துரு இல்லை. வழவழப்பான வெட்டு, அதன்மேல் ரம்பப் பல்லின் கோடுகள்.

"மச்சான், இது அறுத்த கம்பி."

வாசலில் நின்ற மச்சானின் நிழல் கதவின்மேல் கை வைத்தது.

"தனிப் பட்டறை போடப் போறேன்னான் நெட்டை. உன்னையும் கூட்டிட்டுப் போறேன்னான்." குரல் தணிந்தே இருந்தது. "நீ ஏன் மாப்ள அதைத் தொட்ட?"

அப்போது முதுகுக்குப் பின்னால், காலிப் பெட்டியின் இருட்டு மூலையில், தகரத்தில் ஸ்பேனர் பட்டது.

ஒரே தட்டு.

திரும்பினான். யாரும் இல்லை. அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் கதவு அறைந்தது யாரையும் உள்ளே விடாமல் இருக்கத்தான். நெட்டையின் அந்தக் கையைத்தான் அவன் மரை போட்டு இறுக்கியிருக்கிறான்.

வாசலுக்குப் பாய்ந்தான். வெளிச்சம் ஒடுங்கிக்கொண்டு வந்தது.

"உங்க தங்கச்சி கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"துருன்னு சொல்லுவேன். நீ சொன்ன மாதிரியே."

மீண்டும் ஒரு தட்டு. இம்முறை அவன் காதருகே.

கதவு பூ மாதிரி சாத்திக்கொண்டது. ரப்பரில் எங்கும் வெளிச்சம் கசியவில்லை. வெளியே பூட்டு விழுந்தது.