சாடி இருந்த இடம்

நவம்பர் மாதப் படத்தில் கறிவேப்பிலைச் சாடி இருந்தது. இருக்கக்கூடாது.

கல்லூரி இருட்டறையின் சிவப்பு வெளிச்சத்தில், மூக்கில் ஏறும் மருந்து நெடிக்குள், தட்டில் மிதந்த காகிதத்தை இடுக்கியால் அசைத்தபடி தாரகா முதலில் தன்னைத்தான் சந்தேகித்தாள். ஸ்ட்ரெதம் வீட்டின் பின்வளவை 2008 ஏப்ரலிலிருந்து மாதக் கடைசி ஞாயிறுகளில், காலை பத்து மணிக்கு, சமையலறைக் கதவடியிலிருந்து ஒரே கோணத்தில் பிடித்து வந்தாள். கமரா முக்காலியின் மூன்று கால்களுக்கும் தரைக்கல்லில் வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு படத்துக்கும் கொப்பியில் ஒரு வரி. அக்டோபர் நடுவில், உறைபனி விழுவதற்கு முன், அவளும் அம்மா யோகமலரும் வழக்கம்போலச் சாடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சமையலறைக்குள் தூக்கி வைத்திருந்தார்கள். வேலியோரத்தில் அதன் வட்டத் தடம் மட்டுமே மிஞ்சியிருந்தது.

"நெகட்டிவை மாத்திப் போட்டிருப்பாய்," என்றார், வீட்டில் அச்சைப் பார்த்த அம்மா.

"நாலு தரம் பாத்திட்டன் அம்மா."

"அப்ப அஞ்சாந் தரமும் பார். படம் பிடிச்சுப் பிடிச்சே இந்தக் கண்டின்ர உயிரை எடுத்துப்போட்டாய்."

உள்ளே வந்த நாளிலிருந்து கன்று இலைகளைக் கொட்டிக்கொண்டிருந்தது. ஹீட்டருக்குத் தள்ளி வைத்தும், வெயில் படும் பக்கம் திருப்பியும் பயனில்லை. ஒவ்வொரு காலையும் தரையில் இலைகள். படத்தில் இருந்த கன்றோ செழித்து நின்றது.

கல்லூரி மாலைநேரப் புகைப்பட வகுப்பின் ஆசிரியை நம்பவில்லை. இரண்டு நெகட்டிவ்களைச் சேர்த்து அச்சடித்திருக்கிறாய் என்றார். ஒரு படத்தில் அப்படிச் செய்திருந்தாலும் முழுத் தொகுப்பையும் நிராகரிப்பேன் என்றார். அந்த வகுப்பின் சான்றிதழ் இல்லாமல் பகல்நேரப் படிப்புக்கு இடம் கிடையாது. பண்டகசாலையில் பெட்டி ஒட்டும் வேலையிலிருந்து வெளியேற அவளுக்கு இருந்த ஒரே வழி அதுதான். எங்கே பிழை விட்டேன் என்று கொப்பியை மறுபடி மறுபடி புரட்டினாள். பிழை அகப்படவில்லை. அதுதான் ஆத்திரம்.

டிசம்பர் கடைசி ஞாயிறு, கமராவைத் தானாகப் பிடிக்கும்படி வைத்துவிட்டு ஓடிப்போய், நீலச் சுவெற்றரோடு வட்டத் தடத்தின் பக்கத்தில் நின்றாள். வெறும் இடத்தைக் கையால் காட்டினாள். கிளிக். குளிர் பொறுக்காமல் உள்ளே ஓடி வந்தாள்.

ஜனவரியில் அச்சடித்தபோது அந்தக் கை மணிக்கட்டுவரை இலைகளுக்குள் புதைந்திருந்தது.

அடுத்த படத்துக்கு அவள் கமராவுக்குப் பின்னாலேயே நின்றாள். கொப்பியிலும் அப்படித்தான் எழுதினாள்: வளவில் ஒருவரும் இல்லை. இருட்டறையில் காகிதம் மெல்லக் கறுத்தது. முதலில் வேலி. பிறகு சாடி. பிறகு, அதே நீலச் சுவெற்றர். அதே கை. அவளுடைய முகம், ஆனால் கன்னங்கள் நிறைந்து. அவளுடைய தலைமுடி, ஆனால் அடர்ந்து, இடுப்புவரை வளர்ந்து.

குனிந்து பார்த்தாள். தட்டுக்குள் ஒரு முடி விழுந்தது. இன்னொன்று. டிசம்பர்ப் படம் பிடித்த நாளிலிருந்தே சீப்பில் கொத்துக் கொத்தாக வந்துகொண்டிருந்தது. தண்ணீர் சரியில்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

படத்தில் நின்றது செழித்தது; உள்ளே வந்தது எதுவோ, அது உதிர்ந்தது.

பெப்ரவரி இரண்டாம் திகதி, திங்கட்கிழமை. நகரம் முழுக்கப் பனி. பஸ் இல்லை, வேலை இல்லை, தெருவில் ஒரு சத்தமும் இல்லை. தாரகா சமையலறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். புல், வேலி, குப்பை வாளி எல்லாம் வெள்ளை. வேலியோரத்தில் மட்டும் சாடியளவு ஒரு கறுத்த வட்டம்.

பக்கத்தில் இரண்டு பாதங்களின் அளவுக்கு வெறும் மண்.

விரல்கள் வீட்டைப் பார்த்தபடி.

மேலே யன்னல் திறந்தது. அம்மாவின் குரல் வளவுக்குள் இறங்கியது.

"உனக்கென்ன விசரே? உந்தச் சுவெற்றரோட பனிக்குள்ள நிக்கிறாய். உள்ள வா பிள்ளை. கதவு பூட்டேல்லை."

"அம்மா." உள்ளே நின்ற தாரகா கதவடிக்குப் பாய்ந்தாள்.

பூட்டை நோக்கி நீட்டிய விரல்களுக்கிடையில் ஒரு முடிக்கற்றை. எப்போது தலையைத் தொட்டாள்?

வெளியே, பாதங்கள் இருந்த இடத்தை இப்போது பனி மூடிக்கொண்டிருந்தது. மெதுவாக. முழுதாக.

கதவடிப் படியில் இரண்டு பாதங்களின் அளவுக்குப் பனி கறுத்தது.