தரை இல்லாத இடத்தில் உடைந்த அலை

கணவன் நெஸ்தர் கடலோடு போனபின் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு ஃபெர்மினா திரும்பி வந்தாள். உவாஞ்சாக்கோ என்ற அந்த மீனவ ஊரின் உப்புக்காற்றில் தாழ்ப்பாள் இறுகியிருந்தது. கொழுந்தன் காசிமிரோ தோளால் இடித்துக் கதவைத் திறந்தான். உள்ளே பாசி வாடை. வெளியே மதியத்திலும் கலையாத பனிமூட்டம். அதற்குள் அலைகளின் இரைச்சல்.

சன்னலைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

பனி விலகிய இடைவெளியில், பாறைத் திட்டுக்கும் வெகு அப்பால் ஓர் அலை தலைதூக்கி உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று.

அங்கே நங்கூரக் கயிறுகூட எட்டாத ஆழம். கரையை நெருங்கி அடித்தரை தட்டினால்தான் அலை வேகம் தளர்ந்து, முதுகை நிமிர்த்தி, குப்புற விழும். ஆழத்தில் அது பேசாமல் கடந்துவிடும். கோரைப் படகிலேயே வளர்ந்த இருவருக்கும் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நெஸ்தரின் வெறும் படகைக் கண்டெடுத்ததும் அங்கேதான்.

ஃபெர்மினா எவ்வளவோ தடுத்துப் பார்த்தாள். அண்ணன் எலும்பாவது கிடைக்கட்டும் என்று காசிமிரோ துடுப்பெடுத்துப் போய்விட்டான். படகு பனிக்குள் மறைந்தது.

அலைச் சத்தம் நின்றது.

அவன் நீந்தித்தான் திரும்பினான். பற்கள் தந்தியடித்தன. போர்வை போர்த்திச் சூடாக மீன் சாறு கொடுத்தாள். சாற்றைக் குடித்துவிட்டுச் சொன்னான்.

“படகு கவுந்துருச்சு, மைனி. அங்க தரை இருக்கு. கால் ஊனி நின்னேன்.”

“மணலா, பாறையா?”

“மெத்துன்னு இருந்துச்சு. நான் நிக்க நிக்க நகந்துச்சு.”

“எந்தப் பக்கம்?”

அவன் கதவைப் பார்த்தான்.

சன்னலுக்கு வெளியே, அலை இப்போது திட்டுக்கு இப்பால் உடைந்துகொண்டிருந்தது.

“எந்திரி தம்பி. எதையும் எடுக்காத.”

மேட்டுக் கோயிலுக்கு ஓடி ஏறித் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு தீவைச் சுற்றி வளைவதுபோல் அலைகள் இரு பக்கமிருந்தும் வளைந்து, அவள் வீட்டின் முன்னே ஒன்றோடொன்று மோதின. நுரை வாசற்படி ஏறியது. பிறகு கடல் அடங்கிவிட்டது.

அன்றே இருவரும் கடல் வாடை எட்டாத கரும்புக்காட்டு ஊரிலிருந்த அவள் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாள் காலை, முகம் கழுவத் தொட்டியருகே குனிந்தாள் ஃபெர்மினா. காற்றில்லை. இலை அசையவில்லை.

தண்ணீரின் நடுவே சிறிதாய் ஓர் அலை எழுந்தது. முதுகை நிமிர்த்தியது.

அவள் பக்கமாய் உடைந்தது.