ஸஹீதின் காருக்குத் தாகம்

"தண்ணி களவெடுக்க எனக்கென்ன விசராடா? கிணறு கிடக்கு, வாளி கிடக்கு. உன்ட ரேடியேட்டருக்குள்ள வாய வெச்சுத்தான் நான் குடிக்கணுமா?" ஷரிபுதீன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தினான்.

"அப்ப ராவு நிரப்பின தண்ணி விடிய எங்க போற காக்கா? சிறகு முளைச்சுப் பறக்குதா?" ஸஹீத் அதைவிடப் பெரிதாகக் கத்தினான்.

சாய்ந்தமருதில் அந்த ஒழுங்கை முழுவதும் பல் தீட்டுவதை நிறுத்திவிட்டு வேலிக்கு வந்தது. ரேடியேட்டர்த் தண்ணீருக்கு அடிபிடிப்பட்டவர்களை அதுவரை நாங்கள் கண்டதில்லை.

அக்காவுக்கும் தங்கைக்கும் சீதனமாகக் கொடுத்த இரண்டு வீடுகள், ஒரே வளவு. மூத்தவளைக் கட்டியவன் ஷரிபுதீன், இளையவள் றுக்ஸானாவைக் கட்டியவன் ஸஹீத். வீடு பெண்டாட்டியுடையது, தென்னை மாமியாருடையது. ஸஹீதுக்கென்று அங்கே இருந்ததெல்லாம் அவனைவிட வயது கூடிய ஒரு வெள்ளைக் கார்தான். றுக்ஸானாவுக்கு மாதம் நிறைந்திருந்தது. போன முறை ஷரிபுதீனின் ஓட்டோவில் குலுங்கிப் போய், ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்தவள் அவள். இந்த முறை சொந்தக் காரில்தான் என்று ஸஹீத் ஊருக்கே சொல்லி வைத்திருந்தான். அந்தக் கார் நடுவழியில் கொதித்து நின்றால்? நிற்க வேண்டும் என்றுதான் சகலன் ராவில் தண்ணீரைத் திறந்துவிடுகிறான். ஸஹீதுக்கு அதில் சந்தேகமே இல்லை.

கராஜ் வைத்திருக்கும் வீரமுனைப் பிரசாந் பொனெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "பித்தளை ரேடியேட்டர், ரெண்டு வரிக் குழாய். பாதி அடைச்சுப் போய்க் கிடக்கு நானா. அலுமினியத்தில மூணு வரி போடுவம். ஐஸ் மாதிரி ஓடும்" என்றான். தாங்கியை வெட்டி ஒட்டினான், புது ஹோஸ், புது மூடி, பெரிய ஃபேன் எல்லாம் போட்டான். ரேடியேட்டரைத் தொட்டிக்குள் அமுக்கிக் காற்றடித்தும் காட்டினான். ஒரு குமிழி வரவில்லை. பச்சைக் கூலன்ட் ஊற்றி அனுப்பினான்.

விடியப் பார்த்தால் காரின் முகமெல்லாம் பச்சை. கீழே ஒழுகியதாகத் தெரியவில்லை. கசப்பு மருந்தைக் குழந்தை உதடு பிதுக்கித் துப்பினால் நாடியில் வழியுமே, அந்த மாதிரி மூடியிலிருந்து வழிந்து காய்ந்திருந்தது. மூடியோ இறுக்கிய இறுக்கில் அப்படியே இருந்தது. பிரசாந் வந்து கழுவி, வெறும் தண்ணீர் நிரப்பினான். அடுத்த நாள் நிலத்தில் ஈரமும் இல்லை, உள்ளே சொட்டும் இல்லை.

"முதல்முதல் எங்க நானா கொதிச்சது?"

"கடற்கரை மையவாடிக்கிட்ட," ஸஹீத் சிரித்தான். "நல்ல காலத்துக்கு ஒரு குடம் தண்ணி கிடந்திச்சு. தூக்கி ஊத்திட்டன்."

"ஆர்ட தண்ணி?"

"அப்பதான் ஒரு சின்னப் புள்ளைய அடக்கி மூடின கப்று. அதுக்கு மேல ஊத்த வெச்சிருந்தாங்க. தகப்பன்காரன் தலைமாட்டில நடப் பச்சைக் கொப்பு முறிக்கப் போயிருந்தான். வேற தண்ணி எடுத்திருப்பான்தானே."

பிரசாந் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துத் துணியை உதறியபடி, "எடுத்தானாமா?" என்று மட்டும் கேட்டான்.

அது ஸஹீதுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவன் முனையவும் இல்லை. அவன் புத்தி முழுவதும் ஷரிபுதீனில் இருந்தது. வெள்ளிக்கிழமை வந்ததும் ஜும்ஆவுக்குப் போகாமல் காரின் பின்சீட்டில் பதுங்கிக் கிடந்தான். ஜும்ஆவை விட்டுவிட்டுக் களவு பிடிக்கப் போன ஒரே ஆள் எங்கள் ஊரில் அவன்தான்.

ஷரிபுதீன் அத்தர் மணக்க, வெள்ளை ஜுப்பாவோடு ஓட்டோவில் வாசல் கடப்பைக் கடந்து போனதை அவன் கண்ணால் கண்டான். பிறகு ஆண்கள் எல்லோரும் வடிந்துபோன ஒழுங்கையில் வெயில் மட்டும் நின்றது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் பயான் காற்றில் துண்டுதுண்டாக வந்து விழ, சூடேறிய ரெக்சீனின் வாடையோடு கடற்கரைக் கருவாட்டு வாடையும் சேர்ந்து மூக்கில் ஏற, அவன் கழுத்து வேர்வை முதுகு வழியாக மெல்ல இறங்கியது. காகம் ஒன்று பொனெட்டில் வந்து குந்தியது. தலையைச் சாய்த்து எதையோ கேட்டது. கத்தாமல் பறந்து போனது.

அதன் பிறகுதான் அந்தச் சத்தம்.

மடக்.

சற்று இடைவெளி. மடக், மடக்.

கடப்பு பூட்டியபடி இருந்தது. வளவில் யாரும் இல்லை. ஷரிபுதீன் பள்ளியில். ஸஹீத் இறங்கினான், பொனெட்டைத் தூக்கினான். சூட்டு வாடை இல்லை. மையத்துக்குப் போடும் கற்பூரம் மணத்தது. அதற்கடியில் ஈர மணல் வாடை. எஞ்சின் தொடவே முடியாத அளவுக்குக் குளிர்ந்திருந்தது.

மூடியைத் திருகினான்.

தண்ணீர் தெரிந்தது. இறங்கியது. நின்றது. மூச்சு வாங்குகிற மாதிரி நின்று, மறுபடி இறங்கியது. அலுமினியக் குழாய்களுக்குள் எங்கோ, மிகச் சின்னத் தொண்டை ஒன்று விழுங்கியது. அவன் கை தானாகவே போத்தலை எடுத்தது. ஊற்றினான். விழுங்கியது. ஊற்றினான். விழுங்கியது. போத்தல் முடிந்தது.

உள்ளிருந்து ஒரு சிணுங்கல். பசித்த பிள்ளையின் சிணுங்கல்.

பிறகு சட்டென்று அமைதி. தண்ணீர் அசையவில்லை.

அதே நேரம் வீட்டுக்குள்ளிருந்து றுக்ஸானா கத்தினாள். "இஞ்ச வாங்களேன்! பன்னீர்க்குடம் உடைஞ்சிட்டு!"

ஒழுங்கையில் வேறு வாகனம் இல்லை, வேறு ஆணும் இல்லை. அவளைப் பின்சீட்டில் ஏற்றினான். கார் ஒரே ஸ்டார்ட்டில் எழும்பியது. வழி முழுவதும் சூட்டு ஊசி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. புதுக் கார் கூட அப்படி ஓடாது. பின்னால் றுக்ஸானா ஒரு போத்தல் தண்ணீரைக் குடித்து முடித்தாள். இரண்டாவதையும்.

"இன்னும் தாங்க."

"போதும் புள்ள, ஓங்காளிக்கும்."

"எனக்கில்ல," என்றாள். கண்ணாடியில் அவள் முகம் அவனைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தது. "உள்ளுக்குக் கேக்குது."

பெண் பிள்ளை, சுகப்பிரசவம். பொத்திக் கிடந்த கையை விரித்துத் துடைத்த தாதி, "மண்ணில ஆர் வெச்ச புள்ளைய?" என்று எல்லோரையும் ஏசினாள். பிறந்து அரை மணி நேரமாகவில்லை.

கார் அதன் பிறகு ஒரு கோப்பைத் தண்ணீர் கேட்டதில்லை. இறக்காமத்து வயற்காரர் ஒருவர் வாங்கிப் போனார், இன்றைக்கும் ஓடுகிறதாம். மூணு வரியின் புதுமை என்று கராஜில் எல்லோரும் புகழ்வார்கள். பிரசாந் மட்டும் பேச்சை மாற்றுவான். ஸஹீத் பிள்ளைக்கு நாற்பது நாள் கழியுமுன் கட்டாருக்குப் போனான். போனவன் தலாக்கைத்தான் அனுப்பினான். ஷரிபுதீன் குடும்பம் 'காற்று ஒத்துக்கொள்ளவில்லை' என்று மருதமுனையில் வாடகைக்கு இருக்கிறது. சொந்த வீடு பூட்டிக் கிடக்க வாடகைக்கு இருக்கிறவர்களை என்னவென்று சொல்ல? றுக்ஸானாவைப் போன வருடம் நல்ல மனுஷன் ஒருவர் நிக்காஹ் செய்தார். இரண்டு கிழமை இருந்தார். ஒரு நாள் விடிய சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிக்கென்று போனவர் செருப்பை எடுக்கக்கூடத் திரும்பி வரவில்லை.

இப்போது அந்த வீட்டில் தாயும் மகளும்தான். பிள்ளைக்கு மூன்று வயது, இன்னும் பால் மறக்கவில்லை. போன கிழமை கஞ்சி கொடுக்கப் போன பக்கத்து வீட்டு ஹவ்வா உம்மா வாசலோடு திரும்பி வந்துவிட்டாள். றுக்ஸானா சுவரில் சாய்ந்து கிடந்தாளாம், உதடு வெடித்து, தோல் எலும்போடு ஒட்டி, வெயிலில் காய்ந்த கருவாடு மாதிரி. பிள்ளை மட்டும் கொழுகொழுவென்று, நனைந்த தலைமயிரோடு, மார்பை விடாமல் கண்ணை மட்டும் திருப்பி வாசலைப் பார்த்ததாம். பார்த்துக்கொண்டே விழுங்கியதாம்.

மடக். மடக்.