சூடு எங்கிருந்து வருகிறது

விடியலில் போன கரண்ட் பத்து மணியாகியும் வரவில்லை. ஆனால் குளியலறைக் குழாயில் வெந்நீர் கொட்டியது.

நீலாவதி விரலை நீட்டி, சுட்டதும் இழுத்துக்கொண்டாள். அவள் கணவன் மாணிக்கவேலுக்குச் சும்மா இருந்தால் கை அரிக்கும். பீங்கான் தொழிற்சாலையில் மின்கம்பங்களுக்கு இன்சுலேட்டர் செய்கிறவன். ஒரு பீங்கான் குழலில் கம்பிச்சுருளைச் சுற்றி, குழாயோடு இணைத்து, நேற்றுதான் சுவரில் மாட்டியிருந்தான். "இனிமே விறகும் வேணாம், புகையும் வேணாம். தொறந்தா வெந்நீரு" என்று சொல்லி, அன்றைக்கே செம்பு பாய்லரையும் விற்றுவிட்டான்.

மார்கழிக் குளிரில் வரும் வெந்நீரை யார்தான் வேண்டாம் என்பார்கள்? குழலில் மிச்சமிருக்கும் சூடு என்று நினைத்து, ஐந்து மாதக் குழந்தை கொளஞ்சியின் துணிகளையெல்லாம் உட்கார்ந்து அலசினாள். தரையில் தண்ணீர் சளசளக்க, எழுந்த ஆவி சன்னல் வெளிச்சத்தில் சுழன்று அவள் முகத்தை மூடியது. அதில் பால்குடிக்கும் பிள்ளையின் தலை வாசனை இலேசாக இருந்தது. துணியிலிருந்து வருகிறது என்று நினைத்தாள்.

அலசிவிட்டு வந்து தொட்டபோது, கூடத்துத் தூளியில் கிடந்த குழந்தையின் கால் சில்லிட்டிருந்தது. பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக் காசியம்மாளைக் கூப்பிட்டாள்.

"பனி பட்டிருக்கும்மா. வெந்நீர்ல துணி நனைச்சு ஒத்தடம் குடு. நான் ஓடிப்போயி ரிக்‌ஷா கூட்டியாரேன், ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று காசியம்மாள் ஓடினாள்.

நீலாவதி வாளியை வைத்துக் குழாயைத் திறந்தாள். கூடத்தில் வீறிட்டுக்கொண்டிருந்த அழுகை தேய்ந்து அடங்கியது. மூடினாள். கொஞ்ச நேரத்தில் அழுகை வந்தது. மறுபடி திறந்தாள்.

நின்றது.

பியூஸ் கட்டையைப் பிடுங்கி எறிந்தாள். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, அப்படியெல்லாம் இருக்காது, இருக்கவே கூடாது என்று முனகியபடி குழாயை ஒரு நூல் அளவு திருகினாள். சொட்டியது. சுட்டது. குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. இறுக்கி மூடினாள். கரண்ட் இல்லை. நெருப்பு இல்லை. குழந்தையின் உதட்டில் மெல்ல மெல்லச் சிவப்பு ஏறும்வரை அவள் மூச்சு விடவில்லை.

இனி யாரும் அதைத் தொடக்கூடாது. கம்பளியில் குழந்தையைச் சுற்றிக்கொண்டு, ரிக்‌ஷா வருகிறதா என்று தெருவாசலுக்கு ஓடினாள். தெரு காலியாகக் கிடந்தது.

பின்கட்டில் செருப்புச் சத்தம். இரவு ஷிப்டும் ஓவர்டைமும் முடிந்து மாணிக்கவேல் வந்துவிட்டான். குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்தது.

"என்னாங்க! கொழாயத் தொறக்காதீங்க!"

ஓடினாள். உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"ஒடம்பெல்லாம் மண்ணு, நீலா. குளிச்சிட்டு வந்துடறேன்."

"நிறுத்துங்க! புள்ள செத்துடும்ங்க!"

கதவை இடித்தாள். உதைத்தாள். தண்ணீர் இரைச்சலில் அவள் சொல்வது அவனுக்கு விளங்கவில்லை.

"தண்ணி என்னா சூடு! நாந்தான் சொன்னேனே!"

குழாயை இன்னும் ஒரு சுற்றுத் திருகும் சத்தம்.

மார்போடு அணைத்திருந்த குழந்தையிடம் அழுகை இல்லை. அசைவு இல்லை. கதவிடுக்கில் வழிந்த ஆவி மேலே எழுந்தது. குளிர்ந்த சொம்பில் படிவதுபோல் கொளஞ்சியின் முகத்தில் முத்து முத்தாகப் படிந்து, திறந்திருந்த கண்களுக்குள் இறங்கியது. கண்கள் இமைக்கவில்லை.