ஊர்காவற்றுறைக்குப் போன பெட்டி

அம்மாவின் தையல் மெசினில் ஊசி இல்லை என்று தெரிந்தபோது பின்னேரம் மூன்று மணி இருக்கும்.

"எண்ணெய் விடக் கழற்றினனான். பேப்பரிலை சுத்தி இந்த மேசையிலைதான் வைச்சனான்," என்றார் அம்மா. மேசைக்கு மேலே பார்த்தார், கீழே பார்த்தார், தன் கொண்டைக்குள்ளும் தடவிப் பார்த்தார்.

ஒரு ஊசிக்கு இவ்வளவு பாடா என்று நினைக்கவேண்டாம். அது 1992ஆம் ஆண்டு, சண்டையும் பொருள் தடையும் இருந்த காலம். யாழ்ப்பாணத்துக் கடைகளில் மெசின் ஊசி இல்லை, பற்றறி இல்லை, சவர்க்காரம்கூட ஒழுங்காக இல்லை. அம்மாவிடம் இருந்தது அந்த ஒரே ஒரு ஊசிதான்.

அடுத்தநாள் காலையில் எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கும் செல்வநாயகி அக்காவுக்குக் கலியாணம். அவருடைய கலியாணச் சேலைச் சட்டையில் ஒரு கை தைத்தாயிற்று. மற்றக் கை மேசையில் கிடந்தது. பொழுது படுவதற்குள் அதைத் தைத்தாகவேண்டும். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அம்மாவுக்குச் சிவப்பு நூலும் ஒன்று, கறுப்பு நூலும் ஒன்று.

"ஒற்றைக் கைச் சட்டையோடை பொம்பிளையை மணவறைக்கு அனுப்பேலுமே?" என்று அம்மா அந்த மற்றக் கையைத் தூக்கிக் காட்டினார்.

மேசைக்குக் கீழே என் தம்பி குகன் இருந்தான். அவனுக்கு ஆறு வயது. சத்தம் போடாமல் இருந்தான். குகன் சத்தம் போடாமல் இருந்தால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம்.

அவனை மெதுவாக வெளியே கூட்டிக்கொண்டு போனேன்.

"குகன், ஊசியைக் கண்டனியே?"

"ஓம்."

"எங்கை?"

"ஏத்திட்டன்," என்றான். "ரயிலிலை."

எங்கள் ரயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வல்வெட்டித்துறை மாமாவுக்குக் கப்பலில் வேலை. லீவில் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன ரயில் வண்டி கொண்டுவருவார். எல்லாம் கூரையும் சுவரும் இல்லாத தட்டையான வண்டிகள். அவற்றின் மேல் கொன்டெயினர் பெட்டி ஏறும்.

"கிரேன் அந்தப் பெட்டியைக் கப்பலிலை இருந்து தூக்கி அப்பிடியே ரயிலிலை வைக்கும். ரயிலிலை இருந்து லொறியிலை வைக்கும். உள்ளுக்கு இருக்கிற சாமானை ஒருத்தரும் தொடமாட்டினம்," என்று மாமா சொல்லியிருந்தார்.

இப்படி ஒரு என்ஜினும் ஐந்து வண்டிகளும் சேர்ந்தன. ஆனால் நாங்கள் வீடு மாறித் திரிந்த காலத்தில் பெட்டிகள் தொலைந்துபோய் ஒரு நீலப் பெட்டிதான் மிஞ்சியது. மற்ற நாலுக்கும் வெறும் நெருப்புப்பெட்டி. கலண்டர் தாள் ஒட்டினால் அசல் கொன்டெயினர்தான்!

பற்றறி இல்லாததால் அப்பாவின் சைக்கிள் டைனமோவில்தான் ரயில் ஓடும். முதலில் ஓடவில்லை, நின்ற இடத்திலேயே நடுங்கியது. ரேடியோ திருத்துகிற முத்துக்குமாரு அண்ணை வயரில் ஏதோ ஒரு குட்டிச் சாமானை வைத்து ஒட்டித் தந்த பிறகு ஓடத் தொடங்கியது. ஒராள் பெடலைச் சுற்றவேண்டும். நிற்பாட்டினால் ரயிலும் நின்றுவிடும்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒழுங்கையில் ஒரு சொந்தக்காரர் இருந்தார். சொந்தக்காரர் சாமான் போட்டுத் தருவார். நான் சோற்றுப் பசையால் தாளை ஒட்டிச் சீல் வைப்பேன். பிறகு, நிலத்தில் சோக்கட்டியால் கீறிய துறைகளுக்கு ரயில் ஓடும். பெட்டியில் எழுதியிருக்கும் துறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் சீலை உடைக்கலாம், அதுவும் சொந்தக்காரர்தான் உடைக்கலாம். இந்தச் சட்டத்தைப் போட்டது நான். எனக்குச் சட்டம் போடப் பிடிக்கும்.

அன்று மத்தியானம் ஓட்டத்தை முடிக்க நேரமில்லை. எல்லாரும் தங்கள் பெட்டியைச் சீலோடு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"எந்தப் பெட்டியிலை ஏத்தினனி?"

"துறைக்குப் போற பெட்டியிலை. நீ பசை எடுக்கப் போகேக்கை."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. பருத்தித்துறை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, கொழும்புத்துறை, ஊர்காவற்றுறை. ஐந்தும் துறை! என் நீலப் பெட்டி காங்கேசன்துறைக்குப் போவது. அதைத் திறந்து பார்த்தேன், ஊசி இல்லை. மிச்சம் நாலு வீட்டுக்குப் போய்ச் சீலை உடைக்கச் சொன்னால் என்னை இனி யார் மதிப்பார்கள்?

"வடிவாய் யோசிச்சுச் சொல்லு. பெட்டியிலை என்ன எழுத்து இருந்தது?"

"எனக்கு எல்லா எழுத்தும் தெரியாது," என்று குகன் அழத் தொடங்கினான். "அதுக்குள்ளை மணந்தது."

"மணத்தை விடு. எழுத்தைச் சொல்லு. நான் ஏசமாட்டன்."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தான்.

"ஒரே எழுத்து மூண்டு தரம் நிண்டது. வண்டி கொழுவின மாதிரி. ஒண்டுக்குத் தலையிலை பொட்டு. ஒண்டுக்கு வால். ஒண்டுக்கு முன்னாலை என்ஜின்."

ஒரு தடியை எடுத்து ஒவ்வொரு துறையாக மண்ணில் எழுதினேன். ஐந்தாவதை எழுதியதும் குகன் துள்ளினான்.

"உதுதான்!"

ஊர்காவற்றுறை. ற், று, றை. பொட்டு, வால், என்ஜின். மூன்றும் வரிசையாக நின்றன.

அது வினிபிரட்டின் பெட்டி. போன வருசம் சண்டையால் ஊர்காவற்றுறையில் இருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் அவர்கள். ஒழுங்கை முடிவில் ஒரு வீட்டின் பின் அறையில் இருந்தார்கள். வினிபிரட் என் வகுப்புத்தான், ஆனால் அதிகம் கதைக்கமாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். நானும் குகனும் ஓடிப்போய் விசயத்தைச் சொன்னோம்.

வினிபிரட் பெட்டியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள்.

"ஊர்காவற்றுறைக்குப் போனாப் பிறகுதான் உடைக்கலாம் எண்டு நீதானே சொன்னனி."

"அது விளையாட்டு, வினி. சோக்கட்டியாலை கீறின துறை."

"ரயில் எங்கடை ஊருக்குப் போகாது, அது தீவு," என்றாள். "நான் உண்மையாய்ப் போகேக்கை திறக்கத்தான் வைச்சிருக்கிறன்."

அவளுடைய அம்மா லூர்த்தம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தார். "குடு பிள்ளை. கலியாண வீட்டு அலுவல்."

வினிபிரட் பெட்டியை நீட்டினாள். கண் நிறைந்துவிட்டது. கையை நீட்டினால் போதும், ஊசி எனக்குத்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் வாங்க முடியவில்லை.

"வேண்டாம்," என்றேன். "நீயே வைச்சிரு. உங்கடை ஊருக்கு எப்பிடிப் போறது?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "காரைநகரிலை பாதை ஏறவேணும்."

பாதை என்றால் ரோட்டு இல்லை. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கிற தட்டையான மிதவை.

"அப்ப ரயிலாலை இறக்கிப் பாதையிலை ஏத்துவம். கொன்டெயினர் எண்டால் அப்பிடித்தானே போகும். துறையிலை நீயே நிண்டு எடு."

வினிபிரட் பெட்டியைத் திரும்ப நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு செருப்பைப் போட்டாள்.

எங்கள் வீட்டில், விசயத்தைக் கேட்ட அம்மா வாசலில் நின்று வெயிலைப் பார்த்தார். வெயில் மதிலில் ஏறிவிட்டது. "கெதியாய், பத்மாசினி," என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

உடுப்புத் தோய்க்கிற பேசனில் தண்ணீர் நிரப்பினேன். வாழை மடலில் ஒரு துண்டு பாதையாயிற்று. பேசனின் அக்கரையில் வினிபிரட் சோக்கட்டியால் ஊரின் பெயரை எழுதினாள். குகன் குனிந்து பார்த்து, "ஓம், மூண்டும் நிக்குது," என்றான்.

நான் பெடலைச் சுற்றினேன். ரயில் ஒரு சுற்று வந்து பேசனுக்குப் பக்கத்தில் நின்றது. குகன்தான் கிரேன். "கிர்ர்ர்" என்று சத்தம் வைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கி மடலில் வைத்தான். வினிபிரட் ஈர்க்கால் மெல்ல இழுத்தாள்.

நடுத் தண்ணீரில் மடல் ஒரு பக்கம் சரிந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். வினிபிரட் பதறவில்லை. "காத்துக் கடுமை, பொறுங்கோ," என்று சொல்லி ஈர்க்கை மாற்றிப் பிடித்தாள். மடல் நிமிர்ந்து கரையைத் தட்டியது.

"வந்திட்டுது," என்றாள்.

நகத்தால் சீலை உடைத்துப் பெட்டியைத் தள்ளினாள். உள்ளே இரண்டு நெத்தலிக் கருவாடு. அவற்றுக்கு நடுவில், சுற்றிய பேப்பர் விலகி, பளபளவென்று அம்மாவின் ஊசி!

"எங்கடை பூனை அங்கை நிண்டிட்டுது," என்றாள் வினிபிரட் மெதுவாக. "அதுக்குத்தான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா அவளுடைய தலையைத் தடவிவிட்டு ஊசியை எடுத்தார். மணந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார். "பொம்பிளை வீட்டுக்கு இதை ஒருத்தரும் சொல்லிப்போடாதேங்கோ," என்று சொல்லி, மணம் போகக் கழுவத் தேசிக்காயோடு கிணற்றடிக்கு ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் மெசின் கடகடவென்று ஓடும் சத்தம் கேட்டது. அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. குகன் அப்படியே நிலத்தில் மல்லாந்து படுத்துவிட்டான்.

அடுத்தநாள் காலையில் செல்வநாயகி அக்கா இரண்டு கைச் சட்டையோடு வடிவாக மணவறைக்கு வந்தார். நாங்கள் மூன்று பேரும் முன்னால் பாயில் இருந்தோம். எங்கிருந்தோ ஒரு சாம்பல் பூனை வந்து பொம்பிளையின் புதுக் கைப்பக்கம் மூக்கை நீட்டி நீட்டிச் சுற்றியது. விரட்ட விரட்டத் திரும்பி வந்தது. அம்மா முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வினிபிரட் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அக்கா," என்று குகன் என் காதில் சொன்னான், "ஊர்காவற்றுறைக்குச் சாமான் போய்ச் சேர்ந்திட்டுது."