திரும்பிப் போகும் கட்டளை

தகரக் கதவுகள் செய்யும் அந்தப் பழைய பட்டறையில் அவளுக்கு அது முதல் நாள். நல்ல மதியம், ஆனாலும் உள்ளே இருட்டு. எண்ணெய் நாற்றத்துக்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தது. வேலை வாங்கித் தந்த அண்ணன் அங்கே ஃபிட்டர்.

இயந்திரங்கள் எல்லாம் அவள் கணினிக்குக் கட்டுப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர். எந்த ஃபோல்டரில் நின்று 'ரன்' அடிக்கிறாளோ, அந்த இயந்திரம் ஓடும்.

"புஷ்டின்னு அடிச்சா, இப்ப இருக்கிற இடத்தை ஞாபகம் வச்சுக்கிட்டு அடுத்த ஃபோல்டருக்குப் போகும். பாப்டின்னா பழைய இடத்துக்கே திரும்பிடும்," என்றாள்.

"புஷ்டியா? உன்னை மாதிரின்னு சொல்லு." அண்ணன் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "தகரத்தை அமுக்குற பிரஸ்கிட்ட மட்டும் பாத்து இரு குட்டி. போன வருஷம் ஒருத்தன் அதுல நசுங்கிச் செத்தான்."

அன்றே பிரஸ்ஸில் அச்சு மாற்ற வேண்டியிருந்தது. கட்டர் ஃபோல்டரில் இருந்தவள் புஷ்டி போட்டு பிரஸ்ஸுக்குப் போய் அதை நிறுத்தினாள். அண்ணன் பிரஸ்ஸின் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டினான். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு தோள்வரை உள்ளே நுழைந்தான்.

"நீ கட்டரை ஓட்டு."

பாப்டி அடித்தாள். திரையில் 'கட்டர்' என்று வந்தது. இரண்டு முறை பார்த்துவிட்டு 'ரன்' என்று தட்டினாள்.

எழுத்துகள் மாறின.

பிரஸ்.

வெடுக்கென்று கையை எடுத்தாள்.

எண்டர் தானாக அமுங்கியது.

இரும்பு இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் முதலில், அலறல் பிறகுதான். ரத்தம் அவள் மூக்குக்கண்ணாடியில் தெறித்தது. சிவப்புப் பொத்தானை ஓங்கிக் குத்தினாள். நிற்கவில்லை. கணினி வயரைப் பிடுங்கி எறிந்தாள். திரை செத்தது.

பிரஸ் மேலே எழும்பி, மறுபடி இறங்கியது.

கடப்பாரையை இடுக்கில் செருகினாள். அது குச்சிபோல் வளைந்தது. அண்ணனின் பெல்ட்டைப் பிடித்து வெறிகொண்டு இழுத்தாள். அவன் வந்தான். வலது கை முழங்கையோடு உள்ளேயே தங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அவன் கிசுகிசுத்தான்.

"அது இறங்கறது தெரிஞ்சுது குட்டி. வெளிய வந்திருப்பேன். உள்ளேருந்து யாரோ என் தோளைப் பிடிச்சுக்கிட்டாங்க."

நர்ஸ் சட்டையை விலக்கினாள். இடது தோளில் எண்ணெய்க் கறுப்பாக ஐந்து விரல்கள். ஸ்பிரிட் வைத்துத் துடைத்ததும் போய்விட்டது. வெள்ளைப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"அழுக்குதாம்மா. பயப்படாதீங்க."

நர்ஸ் சொல்லி முடிக்கவில்லை. போர்வை தோள்பக்கம் மெல்ல அமுங்கியது. வெள்ளைத் துணியில் ஐந்து விரல்கள் ஒவ்வொன்றாகப் பதிந்தன.